ஸ்வெட்டர் போட்டும் ஏன் நடுங்கினான்?

வணக்கம். தேவிபட்டினம் பக்கம் இருக்கிறோம். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. மார்கழி பிறந்தால் தை முடியும்வரை இரண்டு பேரும் டிவி முன்னால்தான். "பனி ஆகாது, வாடை ஆகாது" என்பது என் மாமியாரின் சட்டம். அதை மீறிப் போன ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கூட்டிப்போனோம். ஸ்வெட்டர், மங்கி குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டிருந்தும் அரை மணி நேரத்தில் சின்னவனுக்கு உதடு நீலம் பாரித்து நடுக்கம் எடுத்துவிட்டது. இணையத்தில் தேடினால் பனி கொட்டும் ஊர்களுக்கான யோசனைதான் வருகிறது. நம் ஊருக்கு என்ன செய்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பையனை நடுங்க வைத்தது அநேகமாக அந்த ஸ்வெட்டரேதான்.

பாம்பன் பக்கம் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்தச் சூட்டில் கம்பளியை மாட்டிக்கொண்டு மணலில் பத்து நிமிடம் ஓடினால் உள்ளே பனியன் வேர்வையில் நனைந்துவிடும். அலையில் கால் வைத்திருந்தால் கால்சட்டையும் சாக்ஸும் சேர்த்து ஈரம். ஓட்டம் நின்றதும் வாடை அந்த ஈரத்தை உலர்த்தத் தொடங்கும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு பிள்ளையின் உடம்பிலிருந்து போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். எடையோடு ஒப்பிட்டால் சிறு பிள்ளைகளுக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூடு இழப்பார்கள்.

ஆகவே கம்பளி வேண்டாம். உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் காற்று நுழையாத மெல்லிய விண்ட்சீட்டர். விண்ட்சீட்டர் இல்லையென்றால் மழைக்கோட்டே போதும். ஆனால் அதற்குள் வேர்க்கும், ஓடும்போது கழற்றிவிட்டு உட்காரும்போது போட்டுவிடுங்கள். காதை மூடும் பருத்திக் குல்லா நல்லது. மப்ளர் வேண்டாம், விளையாட்டில் கழுத்தை இறுக்கும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் சட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் துணி அதிகம், சில்லென்று இருந்தால் துணி குறைவு.

பையில் ஆளுக்கு இரண்டு பனியன், இரண்டு கால்சட்டை, ஓர் ஈரிழைத் துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. தண்ணீரிலிருந்து வந்ததும் நம்மவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு: ஈரச் சட்டைக்கு மேலேயே துண்டைப் போர்த்திவிடுவது. அது துண்டையும் நனைப்பதோடு சரி. முதலில் ஈரத்துணி முழுவதையும் கழற்றுங்கள். தலையைத் துவட்டுங்கள், பிறகு உடம்பு, உடனே காய்ந்த பனியன். இதைக் காற்று மறைவில் செய்ய வேண்டும். கரையேற்றி வைத்த வள்ளத்தின் மறுபக்கம் போதும், படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. விரித்திருக்கும் வலையில் மட்டும் கால் படக் கூடாது. கடல் தண்ணீர் அந்த நேரத்துக் காற்றைவிடச் சூடாகவே இருக்கும். அதனால்தான் பிள்ளைகள் உள்ளே சுகமாக இருந்துவிட்டு வெளியே வந்ததும் நடுங்குகிறார்கள். நடுக்கம் வந்தால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. நடுங்கிய பிள்ளை நடுக்கம் நின்று சோர்ந்து குழறினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

நேரமும் தவறு. ஜனவரியில் இங்கே சூரியன் எழவே ஆறரை ஆகும். ஏழரைக்கு மேல் போய்ப் பத்துக்குள் திரும்புங்கள். அதற்கு மேல் போனால் வெயில் வேறு விதமாகச் சுடும். காற்று சூட்டை மறைத்துவிடுவதால் தோல் கன்றுவது வீட்டுக்கு வந்த பிறகே தெரியும். தாகமும் தெரியாது, நீங்களாகவே தண்ணீர் கொடுங்கள்.

அதைவிட முக்கியம் எந்தக் கடல் என்பது. வடகிழக்கிலிருந்து வரும் வாடை தேவிபட்டினம், தொண்டி, மண்டபம் வடகரை எல்லாவற்றிலும் கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். அதே நாளில் தென்கடல் பக்கம், கீழக்கரை, சேதுக்கரை, ஏர்வாடி, கரையோரம் அடங்கிக் கிடக்கும். உங்கள் ஊரிலிருந்து ராமநாதபுரம் வழியாகக் கீழக்கரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், ஊரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனாலே போதும். (தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் எல்லாம் தலைகீழ்.)

ஆனால் தென்கடலின் அமைதியை நம்பிவிடாதீர்கள். அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பந்து, காற்றடைத்த டியூப், தெர்மாகோல் எது தண்ணீரில் விழுந்தாலும் உள்ளேதான் போகும். அதைத் துரத்திப் பிள்ளையும் போகும். வாடை மாதங்களில் மிதக்கும் பொம்மை எதையும் கொண்டுபோகாதீர்கள். போன பந்து போகட்டும் என்பதை மூத்தவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனைக்கு இந்த வயதுப் பிள்ளைகளோடு போனால் காரிலிருந்தே பார்க்கலாம். இருபுறமும் திறந்த வெளி, மணல் கண்ணில் அறையும், நீரோட்டமும் பொல்லாதது.

காற்று பலமான நாளில் கடலை விட்டுவிட்டுக் கண்மாய்க்குப் போங்கள். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் எல்லாம் பறவைகள் சரணாலயங்கள். நல்ல மழை பெய்த வருடங்களில் இந்த மாதங்களில் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டியிருக்கும். கரையோடு நின்று பார்த்தால் போதும். கைதட்டிப் பறக்கவிட்டால் தாய்ப்பறவை எழுந்த இடைவெளியில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், தடித்த அடியுள்ள ஷூ வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. பனி தலைமுடியை நனைக்கும், நனைந்த தலையில் வாடை பட்டால் குளிரும். சளி பிடிப்பது மட்டும் வைரஸால். கதவடைத்த அறையில் நான்கு பேர் தும்மிக்கொண்டிருப்பதுதான் அதற்கு வசதி. வீசிங் உள்ள பிள்ளையென்றால் குளிர்காற்று இழுப்பைத் தூண்டலாம். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

சாப்பிட இந்தப் பருவத்தில் பனங்கிழங்கை விட வேறென்ன? உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, நாரை உரித்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, சின்னவனுக்குக் குறுக்கே மெல்லிய வில்லைகளாக நறுக்கிக் கொடுங்கள். நீளவாக்கில் பிளந்தால் நார் தொண்டையில் சிக்கும். வறுத்த கடலை அவன் வயதுக்கு ஆகாது, புரையேறும். அரை லிட்டர் பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர், காரம் குறைவாக. பிளாஸ்கில் சூடு ஆறாது, மூடியில் ஊற்றி ஆற்றி, நீங்கள் ஒரு வாய் பார்த்த பிறகு கொடுங்கள்.

தெரிந்தவர் தோட்டத்தில் கிழங்குப் பாத்தி இருந்தால் ஒரு காலைப்பொழுது அங்கேயே கழியும். தலையைப் பிடித்து இழுத்தால் ஒடியும். பக்கத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, மண்ணைச் சரித்து, கிழங்கைப் பக்கவாட்டில் சாய்த்து எடுக்க வேண்டும். இந்தப் பக்குவம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். அவரையும் கூட்டிப்போங்கள், குல்லாவோடு.