பெட்டி கேஸ் பற்றிக் கேளுங்கள்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் ரைட்டரின் பதில்கள்

சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டராக உட்கார்ந்தவன், எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஓய்வு. மைக் செட், பட்டாசு, ஹெல்மெட், நடைபாதைக் கடை, குடித்துவிட்டுச் சத்தம் மாதிரி பெட்டி கேஸ் எனப்படும் சின்ன விவகாரங்களில் போலீஸ் யாரை விடும், யாரைப் பிடிக்கும், எதுவரை போகலாம் என்று கேளுங்கள். சொத்துத் தகராறு, காதல் திருமணம் வேண்டாம். தமிழ்நாடு மட்டும்.

சரவணன், மதுரை: ஒரே தெருவில் ரெண்டு பேர் ஒரே தப்பு செய்கிறார்கள். ஒருத்தரை எச்சரித்து அனுப்புகிறார்கள், இன்னொருத்தர் மேல் கேஸ். எப்படி சார்?

முதல் காரணம் காகிதம், தம்பி. பெட்டி கேஸ் என்று பெயர்தான் சின்னது. ரைட்டர் எழுதணும், நம்பர் போடணும், கோர்ட் டியூட்டி காவலர் எடுத்துக்கொண்டு போகணும், எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) ஒப்புக்கொள்ளாவிட்டால் பிடித்த ஏட்டு ஒரு நாள் சாட்சிக் கூண்டுக்குப் போகணும். ஆள் பற்றாத ஸ்டேஷனில் ரோந்து போகிறவர் இதை எல்லாம் யோசித்துத்தான் "போய்யா, நாளைக்குப் பார்த்தேன்னா கேஸ்தான்" என்கிறார். இரண்டாவது காரணம் புகார். யாராவது 100க்கு அடித்துவிட்டால் அழைப்பு பதிவாகிவிடும், போன வண்டி என்ன செய்தது என்று கேள்வி வரும். மூன்றாவது, வாய். எதிர்த்துப் பேசுகிறவன் மேல் கேஸ் விழும் வாய்ப்பு அதிகம். சட்டத்தில் இதற்கு இடம் இல்லை, ஆனால் நடப்பு அதுதான்.

"அவனை விட்டீங்களே, என்னையும் விடுங்க" என்ற வாதம் கோர்ட்டில் நிற்காது. அரசியல் சாசனம் 14இல் சமத்துவம் இருக்கிறது, ஆனால் தப்பில் சமத்துவம் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. சாதி பார்த்தோ பழைய பகையிலோ வேண்டுமென்றே உங்களை மட்டும் குறிவைத்தார்கள் என்று காட்ட முடிந்தால் கதை வேறு.

கார்த்தி, சென்னை: நண்பனை டீக்கடை வாசலில் பிடித்து "75" போட்டார்கள். ஃபைன் கட்டிவிட்டு வந்துவிட்டான். இதோடு முடிந்ததா?

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

75 என்பது 1888ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டத்தின் 75ஆவது பிரிவு. பொது இடத்தில் குடிபோதை, ரகளை, ஆபாச நடத்தை. கமிஷனர் இருக்கும் ஊர்களில் ராத்திரி ரோந்தில் கைக்குச் சுலபமாக வரும் பிரிவு இதுதான். வாசகம் ஏற்கெனவே தயார்: "இன்று இத்தனை மணிக்கு ரோந்து சென்றபோது மேற்படி நபர் பொது இடத்தில் நின்றுகொண்டு சத்தம் போட்டு, பொதுமக்களுக்கும் போக்குவரத்துக்கும் இடையூறாக..." பெயர், தகப்பனார் பெயர், வயது, நேரம் நான்கும்தான் மாறும். பிடிபட்டவன் சத்தம் போட்டானா, டீ குடித்தானா என்பதை அந்தத் தாள் கேட்காது. நானே அப்படிக் கட்டுக்கட்டாக எழுதியிருக்கிறேன்.

மறுநாள் கோர்ட்டில் "குற்றத்தை ஒப்புக்கிறியா?" என்பார்கள். "ஆமாங்கய்யா" என்றால் சிறிய அபராதம், அரை நாளில் வீடு. அந்த "ஆமாங்கய்யா" ஒரு குற்றத் தீர்ப்பு. நாளைக்கே உங்கள் நண்பன் காவலர் தேர்வு எழுதி, ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறி, கடைசியில் சரிபார்ப்பில் இது வெளியே வரும். போலீஸ் வேலைக்கான விதி 14(பி) மிகக் கடுமையானது. சந்தேகத்தின் பலனில் விடுதலையானவனையே குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகப் பார்க்கும் விதி அது. ஒப்புக்கொண்டவன் கதி என்ன?

ஆகவே என் முதல் எச்சரிக்கை: எந்தத் தாளிலும் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நேரமாகிறது என்று அவசரப்படுத்துவார்கள், ஆகட்டும்.

பெயர் வேண்டாம், கோவை: மாசக் கடைசியில் டார்கெட்டுக்காகப் பிடிக்கிறார்களாமே?

எழுத்தில் டார்கெட் கிடையாது. மாதாந்திரக் கூட்டத்தில் "போன மாசம் இத்தனை, இந்த மாசம் ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத இன்ஸ்பெக்டர் அன்று ராத்திரி என்ன செய்வார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா, வாணியம்பாடி: டிஜிலாக்கரில் லைசென்ஸ் காட்டினால் செல்லுமா?

செல்லும். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் காட்டினாலும் செல்லும்.

ராமநாதன், ஸ்ரீரங்கம்: பக்கத்து மண்டபத்தில் ராத்திரி பதினொன்றரை வரை பாட்டுக் கச்சேரி. போலீஸ் வந்து "குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வேறென்ன செய்ய முடியும், ஐயா?

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும். ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. திருவிழா என்றால் அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம், கல்யாண வரவேற்பு அதில் வராது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

ரோந்து ஏட்டு கையில் டெசிபல் மீட்டர் இருக்காது, அதனால் அளவை வைத்துச் சண்டை போடாதீர்கள். நேரத்தை வைத்துப் போடுங்கள். 10 மணி தாண்டியதும் 100க்குப் பேசுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்குங்கள். மைக் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளை மீறினார்கள் என்று எழுதுங்கள். மண்டபக்காரர் அடுத்த நிகழ்ச்சிக்கு அதே மேசைக்குத்தான் அனுமதி கேட்டு வரணும். வாயால் ஐந்து தடவை சொன்னதை விட அந்த ஒரு தாளுக்கு அவர் பயப்படுவார்.

ஜெனிஃபர், நாகர்கோவில்: தீபாவளிக்கு எட்டு மணிக்கு மேல் பையன் மத்தாப்பு கொளுத்தினான். கேஸ் போடுவேன் என்று மிரட்டினார்கள். போட முடியுமா?

2018இல் உச்ச நீதிமன்றம் நேரம் கட்டியதிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6–7, மாலை 7–8. மீறினால் அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக வழக்கு. முன்பு இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 188, 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 223. குழந்தை கம்பி மத்தாப்பு பிடித்ததற்கு அப்பா மேல் வழக்குப் போடுகிற ஏட்டு எனக்குக் கீழே இருந்திருந்தால் அந்தத் தாளை நான் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் போட முடியும்.

வழக்கறிஞர், திருச்சி: முடியாது சார். 188க்கு போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது. உத்தரவு போட்ட அதிகாரி கோர்ட்டுக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்கணும். 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தீர்ப்பு சரி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195, இன்றைக்கு அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 215. அதன் பிறகும் 2020 ஊரடங்கில் எத்தனை 188 எஃப்.ஐ.ஆர். விழுந்தது என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் 2021 பிப்ரவரியில் அரசே அந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. நான் சொன்னது நடப்பை, நீங்கள் சொல்வது சட்டத்தை. ஜெனிஃபர் அம்மாவுக்கு ரெண்டும் தெரியட்டும்.

வழக்கறிஞர், திருச்சி: அந்த ஊரடங்கில்தான் சாத்தான்குளம் காவல் மரணங்களும் நடந்தன. கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்தார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு? யாரை விடுவது, யாரைப் பிடிப்பது என்ற போலீஸின் விருப்புரிமையை நீங்கள் அழகாகச் சொல்வதன் மறுபக்கம் அது.

இல்லை ஐயா, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குப் போனார்கள், 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தகப்பனும் செத்துப்போனார்கள். சி.பி.ஐ. போலீஸ்காரர்கள் மேல் கொலைக் குற்றச்சாட்டு வைத்தது. சட்டம் கொடுத்த தண்டனைக்குக் கீழே போவது விருப்புரிமை: எச்சரிக்கலாம், விட்டுவிடலாம். மேலே போக யாருக்கும் உரிமை கிடையாது. தோப்புக்கரணமோ, வெயிலில் நிற்க வைப்பதோ, லத்தியோ எந்தப் பிரிவிலும் எழுதியில்லை. கடை மூடும் நேரம் தவறியதற்குக் கடை வாசலிலேயே பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது. "ஸ்டேஷனுக்கு வா" என்ற வார்த்தை அங்கே தேவையே இல்லை.

வழக்கறிஞர், திருச்சி: கீழே போகும் அதிகாரம்தான் மாமூலுக்கு வாசல். விட்டுவிட முடியும் என்பதால்தானே விட்டுவிடக் காசு?

இது நியாயமான அடி. அதற்கு நான் எப்போதும் சொல்லும் வழி: எச்சரித்து அனுப்பினாலும் ஜி.டி.யில் (ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு) ஒரு வரி எழுது. இன்னார், இன்ன இடம், இன்ன காரணத்தால் எச்சரிக்கப்பட்டார். எழுதிய பிறகு அதே ஆளை மூன்று தடவை விட்டால் தெரிந்துவிடும். பலர் எழுத மாட்டார்கள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வழக்கறிஞர், திருச்சி: இப்போது பி.என்.எஸ்.எஸ். 172 வேறு. போலீஸ் சொன்னதைக் கேட்காவிட்டால் பிடித்து வைத்து, சின்ன விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடலாமாம். நீதிபதி முகத்தையே பார்க்க வேண்டாம்.

இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. கோர்ட்டுக்குப் போகாத பிடிப்புக்குக் கணக்கு ஸ்டேஷனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அப்படிப் பிடிபட்டவர் வீட்டார் உடனே 100க்கும், முடிந்தால் இலவச சட்ட உதவி மையத்துக்கும் (15100) சொல்லி, உள்ளே போன நேரத்தைப் பதிவாக்கிவிட வேண்டும். சரி ஐயா, மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மணிகண்டன், சேலம்: ஹெல்மெட் இல்லை என்று வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். எடுக்கலாமா?

ஹெல்மெட்டுக்குச் சாவியை எடுக்கச் சொல்லும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆயிரம் ரூபாய், பின்னால் உட்கார்ந்தவருக்கும் அதே. அங்கேயே கட்டுவது உங்கள் விருப்பம், வேண்டாமென்றால் கோர்ட். கட்டினால் ரசீது. ரசீது இல்லாத பணம் அரசுக்குப் போகாது.

பிரியா, ஆவடி: வண்டி ஆர்.சி. போனில்தான் இருக்கு, டிஜிலாக்கர் செல்லுமா?

மேலே ஃபாத்திமாவுக்குச் சொன்னதுதான்.

முருகேசன், ஈரோடு: தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். வாரம் ஒரு தடவை தராசையும் பழத்தையும் தூக்கிப் போகிறார்கள்.

யார் தூக்குவது, மாநகராட்சியா போலீஸா? முதலில் அதைப் பாருங்கள், அண்ணே. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி பொருளை எடுத்தால் கையெழுத்துப் போட்ட பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை நீங்கள் கேட்ட அன்றே திருப்பித் தரணும், மற்றதை இரண்டு வேலை நாளில். விற்பனைச் சான்றிதழ் வைத்திருந்து அதன் நிபந்தனைப்படி விற்றால் போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று பிரிவு 27 சொல்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நகர விற்பனைக் குழுவில் கேளுங்கள். பட்டியல் தராமல் எடுத்தால் போனில் படம் பிடியுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் அரசு ஊழியரைத் தடுத்த வழக்காகிவிடும், அது பெட்டி கேஸ் இல்லை.

சுரேஷ், தாம்பரம்: என் வீட்டு வாசலில் அடுத்த வீட்டுக்காரர் கார் நிறுத்துகிறார். நான் பூந்தொட்டி வைத்தால் போலீஸ் என்னை எடுக்கச் சொல்கிறது!

கேட்டை மறைத்தால் புகார் கொடுங்கள். மறைக்காவிட்டால் தெரு உங்களுடையது இல்லை. பூந்தொட்டிதான் இடையூறு, பி.என்.எஸ். 285, ஐயாயிரம் வரை அபராதம்.

லதா, தஞ்சாவூர்: சாக்கடைத் தண்ணீர் சண்டையில் 68 வயது அப்பாவை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். கைது செய்வார்களா?

மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்துக்கு 60 வயது தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேணும், பி.என்.எஸ்.எஸ். 35(7). இதை இன்ஸ்பெக்டரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், பாதிப் பேருக்குப் புதுச்சட்ட எண் நினைவிருக்காது. மாத்திரை கொடுக்க விடச் சொல்லுங்கள். அப்புறம் அப்பாவிடம் எழுதி வாங்கும் சமாதானக் கடிதத்தை நீங்கள் படித்த பிறகே கையெழுத்து. இதை எத்தனை தடவை சொல்வது!

டேவிட், வேலூர்: நாய் குரைக்கிறது சார்...

மாநகராட்சி.

அருண், கோவை: சார், இப்ப ஸ்டேஷன்ல இருக்கேன். நோ பார்க்கிங்ல பைக் விட்டேன், தாள்ல "75" என்று போட்டிருக்கு. கையெழுத்துப் போடவா?

போடாதே தம்பி. நோ பார்க்கிங் மோட்டார் வாகனச் சட்டம், அதற்கு இ-செலான் உண்டு. "செலான் போடுங்க சார், கட்டிடறேன், நான் ரகளை பண்ணலையே" என்று மட்டும் சொல், குரலை உயர்த்தாதே. கேட்கவில்லை என்றால் தாளில் "ஒப்புக்கொள்ளவில்லை" என்று உன் கையால் எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடு. வீட்டுக்கு ஒரு போன் போட்டு எந்த ஸ்டேஷன் என்று சொல்லிவிடு. முடிந்ததும் இங்கே எழுது.