அயர்ன்பிரிட்ஜ்: பாலத்தை அடியிலிருந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் மகளைப் பார்க்க பர்மிங்ஹாம் போகிறேன். ஒரு பகலை அயர்ன்பிரிட்ஜுக்கு என்று ஒதுக்கியிருக்கிறோம். படங்களில் ஒரு சின்ன இரும்புப் பாலமும் நாலு கடைகளும்தான் தெரிகின்றன. யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? எங்கே தொடங்கி எப்படி நடப்பது? முழங்கால் வலி உண்டு, அதிகம் ஏற முடியாது.

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அயர்ன்பிரிட்ஜில் ரயில் நிலையம் இல்லை. டெல்ஃபோர்ட் சென்ட்ரலில் இறங்கி டாக்ஸி பிடியுங்கள், பஸ்ஸும் உண்டு. செவர்ன் ஆற்றின் தென்கரையில், பழைய சுங்கச்சாவடி பக்கம் இறங்கிக்கொள்வது நல்லது. சாவடியில் உள்ள கட்டணப் பலகையை அவசியம் படியுங்கள். அரச குடும்பத்தாருக்கும் விலக்கு இல்லை என்று அதில் எழுதியிருக்கும். பங்குதாரர்கள் பணம் போட்டுக் கட்டிய பாலம் இது. எதிர்க்கரையில் பாலத்தை நேரே பார்த்தபடி நிற்கும் டான்டைன் ஹோட்டலும் அவர்கள் கட்டியதுதான். ஊர் வளர்ந்ததும் பெயர் பெற்றதும் பாலம் வந்த பிறகே.

பலர் பாலத்தின் மேலே நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அக்கரை சென்று ஆற்றோரப் பாதைக்கு இறங்கி, வளைவுக்கு நேர் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். 1779இல் தூக்கி நிறுத்திய வளைவு அது. ஒரு காலிலிருந்து மறு கால் வரை 30.6 மீட்டர், எடை சுமார் 378 டன், துண்டுகள் 1,700க்கும் மேல். ஐந்து விலா வளைவுகளில் ஒவ்வொன்றும் இரண்டு பாதிகள். ஒரு பாதி ஏறக்குறைய 21 மீட்டர் நீளத்துக்கு ஒரே வார்ப்பு. இவற்றை இணைத்த விதம்தான் அதிசயம். ஒன்றில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் கழுந்து, சில இடங்களில் புறாவின் வால் போல நுனி விரிந்த இணைப்பு, இறுக்க ஆப்பு என்று எல்லாமே தச்சு வேலை. இரும்பில் இவ்வளவு பெரிய பாலம் அதற்கு முன் இல்லை, அதனால் தெரிந்த கைவேலையை இரும்பில் செய்தார்கள். துண்டுகள் பலவும் அந்தந்த இடத்துக்கென்றே வார்த்தவை. ஒரே மாதிரித் தெரிவதும் அளந்தால் வேறுபடும்.

அங்கே நிற்கும்போதே விரிசல்களையும் அவற்றின் மேல் போட்டிருக்கும் பட்டைகளையும் தேடுங்கள். போல்ட்டோடு இருப்பவை பிற்காலப் பழுதுபார்ப்பு. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும்; இழுத்தாலோ வளைத்தாலோ வெடிக்கும். வளைவு முழுக்க அழுத்தம்தான், அதனால் வடிவத்தில் குறை இல்லை. நகர்வது நிலம். களிமண்ணும் மென்பாறையும் சேர்ந்த செங்குத்துச் சரிவுகள் இரண்டு பக்கமும் ஆற்றை நோக்கி ஊர்கின்றன. கரைத் தாங்கிகள் நெருங்க நெருங்க வளைவு நெரிந்து நடுப்பகுதி மேலெழும்பியது. தென்கரையில் கல் தாங்கியை எடுத்துவிட்டுச் சிறு இரும்பு வளைவுகள் வைத்ததற்கும் இதுவே காரணம். 1934இல் வண்டிகளை நிறுத்தினார்கள். 1970களில் ஆற்றுப் படுகைக்கு அடியில், இரண்டு கால்களும் நெருங்காதபடி, தலைகீழ் வளைவாகக் கான்கிரீட் போட்டார்கள். இந்தப் பாலத்தைக் காத்த வேலைகளில் பெரியது அதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

நகர்கிற நிலத்தின் தடயம் ஊருக்குள்ளும் உண்டு. சந்தைச் சதுக்கத்துக்கு மேலே செயின்ட் லூக் தேவாலயத்தைக் கீழிருந்தே பாருங்கள், படியேற வேண்டாம். வழக்கத்துக்கு மாறாகக் கோபுரம் கிழக்கிலும் பலிபீடம் மேற்கிலும் இருக்கின்றன. மேற்குப் பக்க நிலம் கோபுரத்தின் எடையைத் தாங்காது.

சதுக்கத்திலிருந்து மேற்கே வார்ஃபேஜ் சாலை ஆற்றை ஒட்டிச் சமதளமாகப் போகும், உங்கள் காலுக்கு ஏற்றது. கோட்டை மாதிரி முகப்போடு நிற்பது 1834இல் கோல்புரூக்டேல் கம்பெனி கட்டிய சரக்குக் கிடங்கு. உலைகளிலிருந்து வந்த இரும்புச் சாமான்கள் இங்கே படகேறின. குளிர்காலத்தில் ஆறு பெருகினால் இந்தச் சாலையில் வெள்ளத் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள். ஆற்றோரப் பாதையும் முழுகலாம். கிளம்புமுன் செவர்ன் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிடுங்கள். 1795 பெருவெள்ளத்தில் செவர்னின் மற்ற பாலங்கள் பல சேதமடைந்தபோது இது தப்பியது, நடுவில் தூண் இல்லாததால் தண்ணீர் தடையின்றிப் போயிற்று.

கடைசியாக டாக்ஸியில் கோல்புரூக்டேல் பழைய உலைக்குப் போங்கள். 1709இல் முதலாம் ஆபிரகாம் டார்பி கற்கரி, அதாவது சுட்டெடுத்த நிலக்கரி கொண்டு இரும்பு உருக்கிய உலை அது. நிலக்கரியை அப்படியே போட்டால் கந்தகம் இரும்பில் சேர்ந்து உடையச் செய்யும். சுட்டுக் கற்கரியாக்கினால் கந்தகத்தில் ஒரு பங்கு போய்விடும். மரக்கரியைப் போல நொறுங்காமல் மேலிருக்கும் தாதுச் சுமையையும் தாங்கும். உலையைப் பெரிதாக்க முடிந்தது அதனால்தான். பாலத்தை வார்த்தவர் அவருடைய பேரன், மூன்றாம் டார்பி. யுனெஸ்கோ 1986இல் பாலத்தை மட்டுமல்ல, உலை, சுரங்கம், படகுத்துறை எல்லாம் சேர்ந்த பள்ளத்தாக்கையே பட்டியலில் சேர்த்தது.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பாலத்தடியைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் இணைப்புகள் சரியாகத் தெரியாது. அருங்காட்சியகங்கள் குளிர்காலத்தில் எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.