வயோமிங்கின் பெயரால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபரை நாடு முழுவதும் விழும் மொத்த வாக்குகளை எண்ணியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் செய்தால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலீசும் சேர்ந்து அதிபரை முடிவு செய்துவிடாதா? வயோமிங் போன்ற சின்ன மாநிலங்களை யார் சீந்துவார்கள்? 2024-இல் டிரம்ப் மொத்த வாக்கு, தேர்வாளர்கள் என இரண்டு கணக்கிலும் ஜெயித்துவிட்டார். இனியும் இந்தப் பேச்சு எதற்கு?

ர.

அன்புள்ள ர.,

வயோமிங்கை இப்போது மட்டும் யார் சீந்துகிறார்கள்? அதிபரை முடிவு செய்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்வாளர்களின் வாக்குதான். வயோமிங்கில் சுமார் 1,92,000 பேருக்கு ஒரு தேர்வாளர். கலிஃபோர்னியாவில் 7,30,000 பேருக்கு ஒருவர். கணக்குப்படி வயோமிங்காரரின் வாக்குக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு மதிப்பு. ஆனால் அங்கே குடியரசுக் கட்சி ஜெயிப்பது உறுதி என்பதால் ஓட்டுக் கேட்டு யாரும் மெனக்கெடுவதில்லை. வேட்பாளர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும்தான்.

மாநிலத்தில் ஒரு வாக்கு முந்தினாலும் அதன் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே என்ற விதிதான் இதற்குக் காரணம். மெய்னும் நெப்ராஸ்காவும் தவிர மற்ற 48 மாநிலங்களில் இதுதான் நடைமுறை. அரசியல் சாசனத்தில் இது கிடையாது. மாநிலச் சட்டமன்றங்கள் தாமாக வைத்துக்கொண்டது. 2020-இல் டிரம்புக்கு டெக்சாஸில் விழுந்ததைவிட அதிக வாக்குகள் கலிஃபோர்னியாவில் விழுந்தன. ஏறக்குறைய 60 லட்சம். அத்தனைக்கும் ஒரு தேர்வாளர்கூடக் கிடைக்கவில்லை. அந்த 60 லட்சம் பேரும் வீட்டிலேயே இருந்திருந்தாலும் முடிவு இம்மியும் மாறியிருக்காது. டெக்சாஸில் பைடனுக்கு வாக்களித்த 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் இதே கதிதான். இவர்களை வாக்காளர்கள் என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை.

பெருநகரங்கள் பற்றிய பயம் வேண்டாம். மிகப் பெரிய 50 நகரங்களைக் கூட்டினாலும் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு தேறாது. நகரத்து வாக்குகளும் ஒரே பக்கம் விழுவதில்லை.

2024-க்கு வருகிறேன். 2000-த்திலும் 2016-லும் அதிக வாக்கு வாங்கியவர் தோற்றார். இரண்டு முறையும் அடி ஜனநாயகக் கட்சிக்கு. அதனால் இது அவர்களுடைய புலம்பல் என்று பலர் நினைக்கிறார்கள். 2004-இல் குடியரசுக் கட்சியின் புஷ் நாடு முழுவதும் 30 லட்சம் வாக்குகள் முந்தியிருந்தார். ஆனால் ஒஹாயோவில் 60,000 பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஜனநாயகக் கட்சியின் கெர்ரிதான் அதிபர். கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்.

உங்கள் கேள்விக்கு 1968 நேரடியாகவே பதில் சொல்கிறது. நிக்சனும் இரண்டு கணக்கிலும் ஜெயித்தவர்தான். ஆனால் மூன்றாவதாக நின்ற ஜார்ஜ் வாலஸ் 46 தேர்வாளர்களைப் பிடித்ததைப் பார்த்து நாடே கலங்கியது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போயிருந்தால் பேரம் அவர் கையில். அடுத்த ஆண்டே நேரடித் தேர்தலுக்கான திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபை 338–70 என்று நிறைவேற்றியது. நிக்சனும் ஆதரித்தார். 1970-இல் செனட்டில் தென் மாநிலத்தவரும் சின்ன மாநிலத்தவரும் பேசிப் பேசியே அதை வாக்கெடுப்புக்கு வரவிடாமல் செய்தார்கள். அந்த வரைவில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: யாருக்கும் 40 சதவீதம் கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் மறுதேர்தல்.

இப்போது முயல்வது மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம். பெரும்பான்மைக்குத் தேவையான 270 தேர்வாளர்களுக்குரிய மாநிலங்கள் சேர்ந்ததும், நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே தங்கள் தேர்வாளர்களைத் தருவார்கள். 2024-இல் மெய்ன் சேர்ந்தபோது கணக்கு 209-ஐத் தொட்டது. நான் இதை ஆதரிக்கிறேன், மனக்குறையோடு. இதில் மறுதேர்தல் கிடையாது; 35 சதவீதத்தோடு முந்தினாலும் அதிபர்தான். சேர்ந்த மாநிலம் ஆட்சி மாறினால் விலகவும் செய்யலாம். நீதிமன்றத்தில் தாங்குமா என்பதும் இனிமேல்தான் தெரியும். சாசனத் திருத்தத்துக்கு 38 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும், இன்றைய நிலையில் அது நடக்காது. அதனால்தான் இந்த ஒப்பந்தமாவது வரட்டும் என்கிறேன்.