ஹோஸ்டிங் பாக்கிக்காக டொமைனைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே நிறுவனத்தில் டொமைனும் (தளத்தின் பெயர்) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வைத்திருக்கிறேன். தளம் அடிக்கடி முடங்குவதால் வேறு இடத்துக்கு மாற நினைக்கிறேன். மூன்று மாத ஹோஸ்டிங் கட்டணத்தில் தகராறு இருக்கிறது. அதைக் கட்டினால்தான் டொமைனை விடுவோம் என்கிறார்கள். என் டாட் காம் பெயர் என்னுடையதுதானே?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பணம் கட்டியது யார் என்பதைவிட, பதிவு யார் பேரில் இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நிலத்துக்குப் பத்திரம் மாதிரி.

முதலில் ஐகானின் (டொமைன் பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பு) தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். ஆனால் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்துதரும் நிறுவனம்) யார், எப்போது காலாவதி என்பது தெரியும். ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், உங்கள் ஹோஸ்டிங்காரர் வெறும் மறுவிற்பனையாளர். அப்போது நேராக அந்த ரெஜிஸ்ட்ராருக்கே எழுதலாம். பலருக்கு இந்த வழி இருப்பதே தெரிவதில்லை. விவரங்கள் சரிதானா என்று வருடத்துக்கு ஒரு முறை கேட்கும் மெயில் உங்களுக்கு வந்ததா, அவர்களுக்குப் போனதா என்றும் தேடிப் பாருங்கள்.

பதிவு உங்கள் பேரில் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. டொமைன் வேறு இடத்துக்குப் போகாமல் தடுக்கும் லாக்கை எடுத்து, மாற்றத்துக்குத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோடு தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஐகான் விதிப்படி 5 நாளுக்குள் தர வேண்டும். கட்டணத் தகராறை மட்டும் காரணம் காட்டி அந்தக் கோடை மறுக்கக் கூடாது என்றும் விதி தெளிவாகவே சொல்கிறது. தராவிட்டால் ஐகானிடம் புகார் கொடுங்கள், செலவில்லை. ஆனால் டொமைனுக்கான கட்டணத்தையே பாக்கி வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபரைத் தடுக்க அவர்களுக்கு இடம் உண்டு. அதை மட்டும் உடனே தீர்த்துவிடுங்கள். கார்டு கம்பெனியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கும் வேலை இப்போது வேண்டவே வேண்டாம், அதுவும் பாக்கியாகிவிடும். பதிவிலுள்ள பெயரையோ மெயிலையோ இப்போது திருத்தினால் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழக்கூடும், அதையும் தொடாதீர்கள்.

பதிவு அவர்கள் பேரில் இருந்தால் சிக்கல்தான். யார் உரிமையாளர் என்று ஐகான் தீர்ப்புச் சொல்லாது. வர்த்தக முத்திரை இருந்தால் யூடிஆர்பி என்ற, டொமைன் தகராறுகளுக்கான நடுவர் முறை உண்டு. ஆனால் வைப்போ (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) நடுவர் மையத்தில் ஒரு நடுவருக்கே 1,500 டாலரிலிருந்து கட்டணம் தொடங்குகிறது. முத்திரை இல்லையென்றால் பழைய ரசீது, மெயில் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு பேச்சுவார்த்தை, அப்புறம் வக்கீல். இந்த நிலையில் மட்டும், அந்த மூன்று மாதத் தொகையை ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதிக் கட்டிவிட்டுப் பெயரை மீட்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

சரி, இன்றே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த கடிதம் அனுப்பும் முன் தளம், டேட்டாபேஸ், மெயில்கள், டிஎன்எஸ் பதிவுகள் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் குறிப்புகள்) எல்லாவற்றையும் உங்கள் கணினியில் நகல் எடுத்து வையுங்கள். காலாவதி நெருங்கியிருந்தால் தகராறு நடக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்.