எட்டாம் இடத்தில் நான்கு பேர்: பந்தயப் பணத்தில் எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: நான் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். கோல்ஃப் ஆடத் தெரியாது. ஆனால் தி ஓப்பன் சாம்பியன்ஷிப் வந்தால் வியாழன் முதல் ஞாயிறு வரை டிவியை விட்டு நகர மாட்டேன். அதிகம் பேசப்படாத ஒரு வீரர் மேல் 150/1 விலையில் (1 பவுண்டுக்கு 150) 5 பவுண்டு ஈச்-வே, அதாவது வெற்றிக்கு 5, முன்னணி இடங்களுக்குள் வருவதற்கு 5 என்று கட்டினேன், மொத்தம் 10 பவுண்டு. பந்தய நிறுவனத்தின் ஆப்பைத் திறந்ததுமே ‘ஓப்பனுக்கு 10 இடங்கள் வரை பணம்’ என்று பெரிய விளம்பரம் வந்தது. அதைப் பார்த்துத்தான் கட்டினேன். என் வீரர் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து எட்டாம் இடத்தில் முடித்தார். 155 பவுண்டு வரும் என்று நினைத்தேன், 38.75 தான் வந்தது. கேட்டால், ‘உங்கள் பந்தயம் 8 இடங்களுக்குத்தான், அதிலும் டெட் ஹீட் விதி (சமமாக முடித்தவர்களுக்கு இடத்தைப் பகிரும் விதி) உண்டு’ என்கிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கணக்கில் பந்தய அளவைச் சில்லறைக் காசாகக் குறைத்துவிட்டார்கள். அதனால் மச்சான் கணக்கில், அவர் சம்மதத்தோடுதான் கட்டினேன். வழக்குப் போடலாமா ஐயா?

பதில்: அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக ஆண்டையும் வீரர் பெயரையும் எடுத்துவிட்டேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 155 பவுண்டு உங்களுக்குக் கிடைக்காது. வந்ததற்கு மேல் இன்னும் 77.50 பவுண்டு கேட்பதற்கு வழி இருக்கிறது. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, மச்சான் கணக்கு, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதைத் தீர்மானிக்காமல் மற்ற எதையும் தொடங்காதீர்கள்.

பந்தயப் பணத்துக்காக நீதிமன்றம் போக முடியுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 1845-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் இருந்த காலம் முழுக்க முடியாது. பந்தயம் வெறும் வாக்கு, கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் கேட்க நாதியில்லை. 2005-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் 335-ஆவது பிரிவு அதை மாற்றியது. அது 2007 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சூதாட்டம் சம்பந்தப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைச் செயல்படுத்த மறுக்க முடியாது. ஆக, உங்கள் பந்தயமும் மற்ற ஒப்பந்தங்களைப் போல ஓர் ஒப்பந்தம்தான். நான் இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். வேறு இடத்தில் இருந்து படிப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, டெட் ஹீட்டுக்கு வருவோம். ஈச்-வே என்றால் இரண்டு பந்தயம்: 5 பவுண்டு வெற்றிக்கு, 5 பவுண்டு இடத்துக்கு. வெற்றிப் பந்தயம் போய்விட்டது. இடத்துக்கான விலை ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 30/1. முழு இடமும் கிடைத்திருந்தால் 150 பவுண்டும் கட்டிய 5 பவுண்டும் சேர்ந்து 155 வந்திருக்கும். ஆனால் கோல்ஃபில் முதலிடத்துக்குச் சமநிலை வந்தால் மட்டும்தான் பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டம் வைத்துத் தீர்ப்பார்கள். 2015 ஓப்பனில், செயின்ட் ஆண்ட்ரூஸில் மூன்று பேர் சமமாக முடித்தபோது ஸாக் ஜான்சன் பிளே-ஆஃபில்தான் கோப்பையை எடுத்தார். மற்ற இடங்களில் சமமாக முடித்தவர்களைப் பிரிக்க எந்த ஏற்பாடும் கிடையாது. எனவே மிச்சம் இருக்கிற இடங்களை அந்த இடத்தில் நிற்கும் ஆட்களுக்குப் பகிர்ந்து, கட்டிய பணத்தை அந்த அளவுக்குக் குறைக்கிறார்கள்.

2023 ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ராயல் லிவர்பூலில் பிரையன் ஹார்மன் ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அவருக்குப் பின்னால் டாம் கிம், செப் ஸ்ட்ராக்கா, ஜேசன் டே, ஜான் ராம் நான்கு பேரும் இரண்டாம் இடத்தில். 5 இடங்களுக்குப் பந்தயம் கட்டியவருக்கு 2 முதல் 5 வரை நான்கு இடம், நான்கு பேர். ஒரு பைசா குறையாது. அதே வீரர்கள் மேல் 4 இடங்களுக்குக் கட்டியவருக்கு மூன்று இடம், நான்கு பேர், முக்கால் பங்குதான். அதே போட்டியில் நம் ஷுபங்கர் சர்மா கேமரன் யங்கோடு சேர்ந்து எட்டாம் இடம் பிடித்தார். 8 இடங்களுக்கு அவர் மேல் கட்டி, ‘எட்டுக்குள் வந்துவிட்டாரே’ என்று துள்ளியவருக்கு இடத்துக்கான பந்தயத்தில் பாதிதான் கணக்கில் வரும்.

உங்கள் வீரர் இருந்த கூட்டத்தில் நான்கு பேர். 8 இடங்கள் என்றால் மிச்சம் ஓர் இடம்தான், ஆகவே கால் பங்கு: 1.25 பவுண்டுக்கு 30/1, கட்டிய பணத்தோடு 38.75. நிறுவனத்தின் கணக்கு சரியாகவே இருக்கிறது. 10 இடங்கள் என்றால் 8, 9, 10 என்று மூன்று இடம் நான்கு பேருக்கு, முக்கால் பங்கு: 3.75 பவுண்டுக்கு 30/1, மொத்தம் 116.25. வித்தியாசம் 77.50. நீங்கள் கேட்க வேண்டிய தொகை இதுதான். 155 என்று எழுதினால், புகாரைப் படிப்பவர் டெட் ஹீட் விதியைச் சொல்லி மொத்தத்தையும் ஒரே வரியில் மூடிவிடுவார். சரியான தொகையை எழுதினால் அவர் விளம்பரத்தைப் பற்றிப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

டெட் ஹீட் விதி எங்கோ நீண்ட விதிமுறைகளுக்குள் புதைந்து கிடக்கிறதே, அதைச் செல்லாததாக்க முடியாதா என்று கேட்பீர்கள். புதைத்து வைத்த விதிகளை நீதிமன்றம் ஏற்காத வழக்கு உண்டு. ஆன்லைனில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் சுமார் 17 லட்சம் பவுண்டு வென்ற ஒருவருக்கு, மென்பொருள் கோளாறு என்று சொல்லிப் பணம் மறுத்தார்கள். 2021-இல் உயர் நீதிமன்றம் அந்த வாடிக்கையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. நிறுவனம் நம்பிய விதிகள் தெளிவாக இல்லை, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்கப்படவும் இல்லை என்பது முக்கியக் காரணம். ஆனால் அங்கே நடந்தது வென்ற பணம் முழுவதையும் பிடுங்கும் முயற்சி. டெட் ஹீட் என்பது குதிரைப் பந்தயக் காலத்திலிருந்து அநேகமாக எல்லா நிறுவனமும் கடைப்பிடிக்கும் வழக்கம், இரண்டு பக்கத்துக்கும் நியாயமான கணக்கு. அதை அநியாய விதி என்று நீதிபதியிடம் நிறுவ முடியும் என்று நான் நம்பவில்லை.

இடங்களின் எண்ணிக்கை அப்படி இல்லை. எத்தனை இடத்துக்குப் பணம் என்பது ஒப்பந்தத்தின் மையமான விஷயம். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இப்படிப்பட்ட மைய விதிகளின் நியாயத்தை நீதிமன்றம் பொதுவாக ஆராயாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, விதி தெளிவாகவும் எடுப்பாகவும் காட்டப்பட்டிருந்தால் மட்டுமே. அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவு இன்னும் உதவும்: எழுதிய வாசகத்துக்கு இரண்டு பொருள் வர வாய்ப்பிருந்தால், நுகர்வோருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும். முகப்பில் 10, பந்தயச் சீட்டில் 8 என்றால் குழப்பத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்வி தானாக வருகிறது.

இருந்தாலும் பந்தயச் சீட்டை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ‘ஈச்-வே, 1/5, 8 இடங்கள்’ என்று கண்ணெதிரே இருந்து, நீங்கள் அழுத்தியிருந்தால், உங்கள் வாதம் பலவீனம். அங்கே வெறும் ‘ஈச்-வே’ என்ற கட்டம் மட்டும் இருந்து, 8 என்பது பிறகுதான் தெரிந்தது என்றால் வாதம் வலுவானது. பல நிறுவனங்கள் கூடுதல் இடங்களைத் தனிப் பட்டியலாக, சற்றுக் குறைந்த விலையில் வைக்கின்றன. நீங்கள் வழக்கமான பட்டியலுக்குள் போய்க் கட்டியிருக்கலாம். விளம்பரத்தைத் தொட்டதும் எந்தப் பக்கம் திறந்தது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். அதைத் தொட்டு நேராக 8 இடப் பட்டியலுக்கே போயிருந்தால், அது உங்களுக்கு நல்ல சாட்சி.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் இல்லை என்றாலும் கதவு மூடவில்லை. தன்னைப் பற்றிய தகவல்களைத் தரும்படி கணக்கு வைத்திருப்பவர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் கிடையாது; பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். பந்தயம் பதிவான நேரம், அதன் விதிகள், அந்தக் கணக்குக்கு அனுப்பிய சலுகைச் செய்திகள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கணக்கு வைத்திருப்பவர் என்றேன். அது நீங்கள் இல்லை, உங்கள் மச்சான். நிறுவனத்தோடு ஒப்பந்தம் அவருக்குத்தான். புகார் கொடுக்கவும் தகவல் கேட்கவும் வழக்குத் தொடுக்கவும் உரிமை அவருடையது. உங்கள் பெயரில் கடிதம் போனால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், மற்றவருக்காக உங்கள் கணக்கில் பந்தயம் கட்டாதே என்று அநேகமாக எல்லா நிறுவன விதிகளிலும் இருக்கும், மீறினால் பந்தயத்தை ரத்து செய்யலாம் என்றும் இருக்கும். இதையும் அநியாய விதி என்று சொல்லிப் பார்க்கலாம், ஆனால் சுலபம் இல்லை. வாடிக்கையாளரின் வயதையும் அடையாளத்தையும் சூதாட அனுமதிக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும் என்று 2019 மே 7 முதல் உரிம நிபந்தனையே இருக்கிறது. யார் கட்டுகிறார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உண்மையான காரணம் உண்டு.

அதாவது 77.50-ஐத் துரத்திப் போய், வந்த 38.75-ஐயும் இழந்து, 10 பவுண்டை மட்டும் திரும்பப் பெறும் நிலை வரலாம். மச்சான் கணக்கும் மூடப்படலாம். இதை அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கணக்கு அவருடையது, ஆபத்தும் அவருடையது. புகாரில் யார் கட்டினார் என்று எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர்கள் நேரடியாகக் கேட்டால் ‘நானே கட்டினேன்’ என்று அவர் பொய் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்காகத் தெரிந்தே பொய் சொல்வது 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்துக்குள் வரும் குற்றம். இந்தத் தொகைக்காக அவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கணக்கில் பந்தய அளவைக் குறைத்தது பற்றி: நிறுவனம் எந்தப் பந்தயத்தையும் மறுக்கலாம், அளவைக் குறைக்கலாம். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட பந்தயத்துக்குப் பணம் தராமல் இருக்க மட்டும் அதைக் காரணமாகக் காட்ட முடியாது. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. குறைத்தது அவர்கள்தானா, அல்லது சூதாட்டத் தளங்கள் தன்னை அனுமதிக்கக் கூடாது என்று ஒருவர் தானே பதிவு செய்யும் கேம்ஸ்டாப் சேவையில் நீங்களே பதிவு செய்து விலகியிருந்தீர்களா? இரண்டாவது என்றால் இந்தப் புகாரை விட்டுவிடுங்கள். மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, 0808 8020 133 என்ற சூதாட்டப் பழக்க உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. இந்தக் காரணத்துக்காகவே உறவினர் கணக்கைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 77 பவுண்டைவிட முக்கியமான தேவை வேறு இருக்கிறது.

அப்படி இல்லை, மச்சானும் சம்மதிக்கிறார் என்றால், அவர் பெயரில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் போகட்டும். சாட்டில் பேசியது போதாது. பந்தயத்தின் எண், நேரம், விளம்பரத்தில் இருந்த வாசகம், டெட் ஹீட் விதியை ஏற்றுக்கொண்டு 10 இடங்களுக்கான கணக்கு, வித்தியாசம் 77.50. இவ்வளவு போதும், ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 8 வாரத்துக்குள் தீராவிட்டாலோ, இதுதான் எங்கள் இறுதி முடிவு என்று அவர்கள் சொல்லிவிட்டாலோ, நிறுவனம் தன் விதிகளில் பெயர் குறிப்பிட்டுள்ள சமரச அமைப்புக்குப் போகலாம். பந்தயத் தகராறுகளில் அது பெரும்பாலும் ஐபாஸ் (IBAS) என்ற அமைப்புதான். வாடிக்கையாளருக்குச் செலவு இல்லை. அங்கே தோற்றாலும் நீதிமன்றம் போகும் உரிமை போய்விடாது. சூதாட்ட ஆணையத்துக்கு எழுதலாம், ஆனால் அது தனி ஆளின் பணத்தை வாங்கித் தராது.

நீதிமன்றம் கடைசி. 10,000 பவுண்டு வரையிலான சிறு கோரிக்கை வழியில் வக்கீல் இல்லாமலே போகலாம். இந்தத் தொகைக்குத் தாக்கல் கட்டணம் 35 பவுண்டு, வென்றால் எதிர்த் தரப்பு தர வேண்டும். நிறுவனம் ஜிப்ரால்டரில் பதிவானது என்றாலும் நுகர்வோர் தன் ஊர் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். ஒப்பந்த வழக்குக்குக் காலக்கெடு 6 ஆண்டு, அதனால் அவசரமே இல்லை. என்னிடம் வந்தால் முதல் சந்திப்புக் கட்டணமே உங்கள் கோரிக்கையைத் தாண்டிவிடும், ஆகவே வர வேண்டாம். பந்தயச் சீட்டின் படத்தை மட்டும் அனுப்புங்கள். அதில் 8 எங்கே, எந்த அளவில் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.