மீன்பிடித் தடைக்காலத்துல பி.எஃப் கட்டல, இப்ப என்ன ஆகும்?

கேள்வி: பாம்பன் பக்கம் ஐஸ் கம்பெனி வச்சிருக்கேன், 24 பேர் வேலை பார்க்குறாங்க. தடைக்காலத்துல போட்டு கடலுக்குப் போகல, ஐஸும் ஓடல, அதுல விழுந்தது, ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பி.எஃப் கட்டல. ஆளுங்க சம்பளத்துல பிடிச்சத கரண்ட் பில்லுக்கு கட்டிட்டேன். ஃபைன் எவ்வளவு வரும்? ஜெயில்னு வேற சொல்றாங்களே?

பதில்: அண்ணே, ஃபைன விடுங்க, அது கணக்குப் போட்டு கட்டிரலாம், நீங்க போறபோக்குல எழுதுனீங்களே கரண்ட் பில்லுன்னு, அதான் பயமா இருக்கு. உங்க பங்கு 12 சதவீதம் பாக்கின்னா அது கடன். ஆளுங்க 12 சதவீதத்த பிடிச்சிட்டு கட்டலைனா அது அவங்க காசு, நம்பிக்கை மோசடின்னு போலீஸ் கேஸே போடலாம், பி.எஃப் சட்டத்துலயே இதுக்கு 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரை ஜெயில் இருக்கு.

சரி, கணக்கு. ஆளுக்கு 15,000 சம்பளம்னு வைங்க, அவர் பங்கு 1,800, உங்க பங்கு 1,800, இன்சூரன்ஸ், நிர்வாகக் கட்டணம்னு மேல ஒரு 150, ஆக 24 பேருக்கு மாசம் 90,000. அடுத்த மாசம் 15-ந் தேதிக்குள்ள போகணும். தாண்டுனா வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, அதுபோக அபராதம் மாசத்துக்கு 1 சதவீதம், நம்மூர் பாஷைல சொன்னா ரெண்டு வட்டி. அக்டோபர் 15-ல அஞ்சு மாசத்தையும் சேர்த்துக் கட்டுனா பாக்கி நாலரை லட்சம் போக ஒரு 27,000 கூட வரும். 2024 ஜூன்ல தான் அபராதத்த இப்படி குறைச்சாங்க, அதுக்கு முந்தி ஆறு மாசம் தாண்டிட்டா வருஷத்துக்கு 25 சதவீதம்.

'வேணும்னு பண்ணலைங்க'ன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல, மனசுல என்ன இருந்துச்சுன்னு பார்க்க வேண்டியதில்ல, லேட்டுன்னா அபராதம் தான்னு 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனா ஒண்ணு, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் அந்த 61 நாள்ல ஆளுங்களுக்கு வேலையும் இல்ல சம்பளமும் போடலைனா அந்த நாளுக்கு பி.எஃப் வராது. சம்பள ரிஜிஸ்டர எடுத்துப் பாருங்க, தொகை குறையலாம். (இப்ப உக்காந்து புதுசா ரிஜிஸ்டர் எழுதிராதீங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் பார்ப்பாங்க.)

ஆள 19 ஆக்கிருங்க, பி.எஃப்பே வராதுன்னு யாராச்சும் யோசனை சொல்லுவாங்க, அது நடக்காது, ஒருதடவை சட்டத்துக்குள்ள வந்துட்டா ஆள் குறைஞ்சாலும் தொடரும். உங்க பங்க ஆளுங்க சம்பளத்துல கழிக்கவும் கூடாது.

மதுரை பி.எஃப் ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்தா கண்டிப்பா விசாரணைக்குப் போங்க, போகலைனா அவங்களே ஒரு தொகைய முடிவு பண்ணி பேங்க் அக்கவுண்ட்ட முடக்கிருவாங்க. மொத்தமா முடியலைனா ஏப்ரல் மாசத்தையாச்சும் இந்த வாரமே கட்டிருங்க, வட்டி அதுக்குத்தான் ரொம்ப நாளா ஓடுது. ஆளுங்ககிட்டயும் நீங்களே சொல்லிருங்க, பாஸ்புக்க ஃபோன்லயே பார்க்குற காலம், ஏப்ரல்ல இருந்து எண்ட்ரி இல்லைன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.