சுவரில் ஆணி, அட்வான்ஸில் ஓட்டை: வாடகை வீட்டுக் கேள்வி பதில்

கேள்வி: நான்கு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்தோம். சுவரில் ஆறேழு ஆணித் துளை, பெயிண்ட் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். வீட்டுக்காரர் முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்கிற செலவை அட்வான்ஸில் கழித்துவிட்டார். நியாயமா?

பதில்: முழுச் செலவையும் உங்கள் தலையில் கட்டியது நியாயமில்லை. நான்கு வருடம் மனிதர்கள் புழங்கினால் பெயிண்ட் மங்கும், கதவுப் பிடி தேயும், தரையில் தடம் விழும். இதற்கெல்லாம் சேர்த்துத்தானே மாதாமாதம் வாடகை வாங்கினார்! உடைந்த வாஷ்பேசின், குழந்தை கிரேயானால் தீட்டிய சுவர், கேட்காமல் போட்ட பெரிய துளை இதெல்லாம் வேறு கணக்கு, அது நீங்கள் கொடுக்க வேண்டியதுதான். அப்போதும் புதுசுக்கு ஆகும் செலவை அப்படியே கேட்பது சரியில்லை. ஐந்து வருடம் தாங்கும் என்று அடித்த பெயிண்ட் நான்கு வருடம் ஓடிவிட்டால் மிச்சமிருப்பது ஐந்தில் ஒரு பங்கு. கேட்டால் அந்த ஒரு பங்கைக் கேட்கலாம், அதுவும் பாழான சுவருக்கு மட்டும்.

ஆனால் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு உங்களுடையது என்று எழுதியிருந்தால் பேச்சே மாறிவிடும். வாடகைத் தொகையையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் (நானும் ஒருமுறை போட்டிருக்கிறேன்). அப்படி எதுவும் இல்லையென்றால், எதற்கு எவ்வளவு கழித்தார் என்று எழுத்தில் கணக்கும் பில்லும் கேளுங்கள்.

அடுத்த வீட்டில் சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்கும் முன், காலி வீட்டை வீடியோ எடுங்கள்: எல்லாச் சுவரும், அலமாரிக்குள்ளும், குழாயைத் திறந்துவிட்டும், மின்சார மீட்டர் எண்ணோடும். எடுத்ததை அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உங்கள் போனிலேயே கிடந்தால் "எப்போது எடுத்ததோ" என்று சொல்லிவிடுவார்.

கேள்வி: வாடகைக்கு விட்ட வீட்டின் படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. குடியிருப்பவர் தண்ணீர் கசிகிறது என்கிறார். ஜன்னலே திறக்காமல் உள்ளேயே துணி காயப்போடுகிறார்கள் என்பது என் கட்சி. யார் சரி?

பதில்: சுவரையே கேட்டுவிடலாம். அலுமினியத் தாளை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, ஈரம் பிடிக்கும் இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, அதாவது குழாய் கசிவு, வெளிச்சுவர் விரிசல், மேலே இருக்கும் குளியலறை என்று ஏதோ ஒன்று, செலவு உங்களுடையது. அறைப் பக்கம் நனைந்திருந்தால், அறையிலிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. பழுப்பு வளையம், பொருமிய பூச்சு, மழைக்குப் பிறகு கூடுவது இவை கசிவின் அடையாளம். மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் மட்டும் கறுப்புப் புள்ளி என்றால் பெரும்பாலும் காற்றோட்டக் குறைதான்.

இரண்டாவதுதான் என்றாலும் முழுப் பழியையும் அவர்கள் மேல் போடாதீர்கள். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லை, துணி காயப்போட வேறு இடமில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? எது எப்படியோ, காரணத்தைச் சரி செய்யாமல் மேலே பெயிண்ட் மட்டும் அடித்தால் மறுபடி வரும்.

கேள்வி: தண்ணீர் பில் திடீரென்று இரண்டு மடங்கு. குடியிருப்பவர் எப்போதும் போலத்தான் செலவழிக்கிறோம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம், சோதித்துவிட்டு. எல்லாக் குழாயையும் மூடி மீட்டரைக் குறித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃப்ளஷ் டேங்க். அதில் கொஞ்சம் கலர் ஊற்றி, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். கலர் கீழே கோப்பைக்குள் வந்தால் வால்வு போய்விட்டது. தேய்ந்த வால்வை மாற்றுவது யார் வேலை என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஒழுகுவது தெரிந்தும் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தார்கள் என்றால் பில்லில் ஒரு பங்கைக் கேட்பதில் தப்பில்லை.

கேள்வி: வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கிறது. நாங்கள் இல்லாதபோது உள்ளே வந்து போகிறார். பூட்டை மாற்றிவிடலாமா?

பதில்: சுவர் அவருடையது, குடித்தனம் உங்களுடையது. தீ, குழாய் வெடிப்பு மாதிரி அவசரம் தவிர, சொல்லாமல் நுழைவது தவறு. முதலில் "முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நாங்கள் இருக்கும்போது வாருங்கள்" என்று மரியாதையாக மெசேஜ் அனுப்புங்கள்; வாயால் சொன்னது நாளைக்கு நிற்காது. அப்புறமும் தொடர்ந்தால் பூட்டுக்கு வருவோம். ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்து, அவருக்குத் தெரிவித்துவிட்டு மாற்றுங்கள். பழைய பூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காலி செய்யும் அன்று அதையே மாட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.